கம்பி, காந்தம், மரம்: உயர்தர பேஸ் கிட்டாரின் அறிவியல்

மின் பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளில் மிகத் தடித்ததான ஈ கம்பி நொடிக்கு 41.2 முறை அதிர்கிறது. மற்ற மூன்றும் (ஏ, டி, ஜி) முறையே 55, 73.4, 98 ஹெர்ட்ஸில் அதிர்கின்றன. ஐந்தாவதாகத் தாழ்ந்த பி கம்பி சேர்த்த பேஸ் 30.9 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். மனிதச் செவிக்கு ஒலி கேட்கத் தொடங்குவதே ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸில்தான். செவிப்புலனின் அடிமட்டத்தை ஒட்டிய இந்தப் பகுதியில் சுருதி பிசகாமல், ஒவ்வொரு சுரமும் ஒரே அளவு நீடித்து, தெளிவாக ஒலிக்கும் கருவியைச் செய்வது கடினமான வேலை. அதனால்தான் சில பேஸ்கள் கார் ஒன்றின் விலைக்கு விற்கின்றன. அவற்றைத் தேடி வாங்குவோரும், ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பெறுவோரும், கைக்கு வந்ததை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் திருத்திக்கொள்வோரும் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் பேசும் பண்புகளில் பெரும்பாலானவற்றை இயற்பியல் விளக்குகிறது. பலவற்றை அளந்தும் பார்க்கலாம்.

பிறப்பும் வளர்ச்சியும்

1940கள் வரை நடனக் குழுக்களுக்கும் ஜாஸ் குழுக்களுக்கும் தாழ்சுரம் தந்தது டபுள் பேஸ். ஆளுயரக் கருவி, ஃபிரெட் (சுரத்தின் இடத்தைக் குறிக்கும் உலோகப் பட்டை) இல்லாத விரற்பலகை, டிரம்ஸுக்கு நடுவே அமுங்கிப்போகும் ஒலி என அதற்குப் பல இடர்கள் இருந்தன. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பால் டட்மார்க் 1930களிலேயே ஃபிரெட் பதித்த மின் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். அது பரவவில்லை. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்திவந்த லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் நிலைத்தது. 1957-இல் அதன் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறிகையாக்கும் பகுதி) இரு துண்டுகளாகப் பிரிந்த இன்றைய வடிவத்தைப் பெற்றது. 1960-இல் ஒடுங்கிய நெக்கும் (கழுத்துப் பகுதி) இரண்டு பிக்கப்புகளும் கொண்ட ஜாஸ் பேஸ் வந்தது. இன்று விற்பனையில் உள்ள பேஸ்களில் மிகப் பல, விலை உயர்ந்தவை உட்பட, இவ்விரண்டின் வழிவந்தவை.

1965-இல் ஃபெண்டர் தம் நிறுவனத்தை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். அந்த விற்பனைக்கு முன் செய்யப்பட்ட பேஸ்களைச் சேகரிப்பாளர்கள் தனி வகுப்பாக மதிக்கின்றனர். இதே காலத்தை ஒட்டிச் சிறு பட்டறைகளும் எழுந்தன. 1969-இல் தொடங்கிய அலெம்பிக், பேஸுக்குள் குறிகையைப் பெருக்கும் மின்சுற்றையே வைத்தது. பேஸ் கலைஞர் அந்தோணி ஜாக்சன் கேட்டதற்கிணங்க 1975-இல் கார்ல் தாம்சன் ஆறு கம்பி பேஸ் ஒன்றைச் செய்தார். 1976-இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே வந்தது. நியூயார்க்கில் 1979-இல் சடோவ்ஸ்கியும் 1983-இல் ஃபொடேராவும் பட்டறை தொடங்கினர். நெட் ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கில் மரத்தை விட்டுவிட்டு, கார்பன் இழையும் எபாக்சியும் கொண்டு தலைப்பகுதியே இல்லாத பேஸைச் செய்தார். தாழ்ந்த சுரம் ஏன் தெளிவிழக்கிறது என்ற கேள்விக்கு இவர்களில் பலர் தத்தம் விடையைத் தேடினர்.

கம்பியின் கணக்கு

இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண்ணை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை. பிரெஞ்சு அறிஞர் மாரின் மெர்சென் 1636-இல் வெளியிட்ட விதி இது. நீளம் இருமடங்கானால் அதிர்வெண் பாதியாகும். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இருமடங்காகும். நிறை நான்கு மடங்கானால் அது பாதியாகும்.

பேஸ் செய்பவரின் சிக்கல் இந்த விதியிலிருந்தே பிறக்கிறது. தாழ்ந்த சுருதி வேண்டுமானால் கம்பியைத் தளர்த்தலாம். ஆனால் தளர்ந்த கம்பி ஃபிரெட்டுகளில் மோதி அடித்துக்கொள்ளும். கம்பியைத் தடிப்பாக்கலாம், ஆனால் தடித்த எஃகுக் கம்பி ஒரு கோலைப் போல விறைத்து நிற்கும். விறைத்த கம்பியின் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் சரியான மடங்குகளில் அமையாமல், மேலே போகப் போகச் சற்றே கூர்மையாகின்றன. அதுவே ஒலி கலங்கலாகக் கேட்பதற்குக் காரணம். இதைத் தவிர்க்க, மெல்லிய எஃகு உள்கம்பியின் மேல் நிக்கல் பூசிய எஃகோ துருப்பிடிக்காத எஃகோ சுற்றப்படுகிறது. சுற்று நிறையைக் கூட்டுகிறது. வளையும் தன்மை உள்கம்பியினுடையதாகவே இருந்துவிடுகிறது.

மீதமுள்ள வழி நீளம். டபுள் பேஸின் கம்பி ஏறத்தாழ 105 செ.மீ. நீளம் கொண்டது. ஃபெண்டர் தேர்ந்தது 34 அங்குலம், அதாவது 86.4 செ.மீ. இடக்கை எட்டும் நீளத்துக்கும் கம்பி கேட்கும் நீளத்துக்கும் இடையே எட்டிய உடன்பாடு அது. இந்த நீளத்தில், வழக்கமான தடிமனுள்ள ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 18 முதல் 23 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கிறது. நான்கும் சேர்ந்தால் 80 கிலோ அளவுக்கு வரும்.

அதே கம்பியை, அதே சுருதியில், 35 அங்குல நீளமுள்ள பேஸில் கட்டினால் இழுவிசை 6 விழுக்காடு கூடும். 37 அங்குலத்தில் 18 விழுக்காடு கூடும். 30 அங்குலக் குட்டை பேஸில் 22 விழுக்காடு குறையும். ஐந்து கம்பி பேஸ் வாங்குவோர் தாழ்ந்த பி கம்பி தளதளவென்று இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் கேட்பதற்குக் காரணம் இதுதான். தடித்த கம்பிக்கு மட்டும் கூடுதல் நீளம் தரும்படி ஃபிரெட்டுகளை விசிறி போல விரித்துப் பதிக்கும் முறைக்கு ரால்ஃப் நோவாக் 1989-இல் காப்புரிமை பெற்றார். கனடாவின் டிங்வால் நிறுவனம் அதைப் பயன்படுத்தி, தடித்த பக்கம் 37 அங்குலமும் மெல்லிய பக்கம் 34 அங்குலமும் கொண்ட ஐந்து கம்பி பேஸ்களைச் செய்கிறது.

கம்பியின் மேற்பரப்பும் ஒலியை மாற்றும். உருண்டைக் கம்பி சுற்றியவை பளிச்சென்று ஒலிக்கும். தட்டை நாடா சுற்றியவை மேற்சுரங்களை அடக்கி, மென்மையாக ஒலிக்கும். 1960களில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தட்டைச் சுற்றுக் கம்பிகளையே பயன்படுத்தினார். அவற்றை அவர் அரிதாகவே மாற்றினார். உருண்டைச் சுற்றுக் கம்பிகளில் வியர்வையும் தூசியும் சுற்றுகளுக்கு இடையே படியும்போது உயர் மேற்சுரங்கள் மங்கும். நிறை சீராக இல்லாத பழைய கம்பியில் சுருதியும் பிசகும்.

41 ஹெர்ட்ஸ் சுரம் சிறிய ஒலிபெருக்கியிலும் அதே சுரமாகக் கேட்பதற்கும் மேற்சுரங்களே காரணம். அத்தகைய ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனால் 82, 124, 165 ஹெர்ட்ஸ் மேற்சுரங்கள் வந்து சேர்ந்தால், அவற்றுக்குப் பொதுவான அடிப்படையை மூளை தானே உணர்ந்துகொள்கிறது. ஆகவே பேஸின் தெளிவு என்பது பெரும்பாலும் மேற்சுரங்களின் ஒழுங்கு.

ஃபிரெட்டின் இடம்

ஒரு ஸ்தாயியை 12 சம இடைவெளிகளாகப் பிரித்தால், அடுத்தடுத்த சுரங்களின் அதிர்வெண் விகிதம் 2-இன் பன்னிரண்டாம் படிமூலம், அதாவது 1.0595. இதிலிருந்து ஒவ்வொரு ஃபிரெட்டின் இடமும் கிடைக்கிறது: மீதமுள்ள கம்பி நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட்டுக்கான தூரம் வரும். 34 அங்குல பேஸில் முதல் ஃபிரெட் நட்டிலிருந்து (நெக்கின் மேல்முனையில் கம்பி அமரும் துண்டு) 48.5 மி.மீ. தள்ளி இருக்கும், 12-ஆம் ஃபிரெட் சரியாக நடுவில், 431.8 மி.மீ.இல் இருக்கும்.

ஆனால் விரலால் அழுத்தும்போது கம்பி சற்று நீள்கிறது; இழுவிசை கூடிச் சுருதி ஏறுகிறது. கம்பியின் விறைப்பும் அதே திசையில் சேர்ந்துகொள்கிறது. இதை ஈடுசெய்ய, கம்பியின் மறுமுனையை உடற்பகுதியில் தாங்கும் பிரிட்ஜில், கம்பி அமரும் சேடிலைப் பின்னுக்குத் தள்ளி நீளத்தைச் சிறிது கூட்ட வேண்டும். தடித்த கம்பிக்கு இந்த ஈடு அதிகம் தேவை. நன்றாகத் திருத்திய பேஸில் சேடில்கள் ஒரே கோட்டில் இல்லாமல் படிக்கட்டாக நிற்பது அதனால்தான்.

நெக்கின் விறைப்பும் செத்த இடங்களும்

80 கிலோ இழுவையைத் தாங்கும் நீண்ட, மெல்லிய மரத்துண்டுதான் நெக். கம்பிகள் அதை முன்னோக்கி வளைக்கின்றன. உள்ளே பதித்த டிரஸ் ராட் என்னும் எஃகுத் தண்டு எதிர்த்திசையில் இழுக்கிறது. முறுக்கித் திருத்தக்கூடிய இத்தண்டுக்கு கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ பெற்ற காப்புரிமை 1923-இல் வழங்கப்பட்டது.

நெக்கின் விறைப்பு ஒலியிலும் தெரியும். பல பேஸ்களில், பெரும்பாலும் ஜி கம்பியின் 5-ஆம், 7-ஆம் ஃபிரெட்டுகளை ஒட்டி, ஏதோ ஒரு சுரம் மட்டும் மற்றவற்றைவிட விரைவில் அடங்கிவிடும். வாசிப்போர் அதைச் செத்த இடம் என்பர். நெக்குக்கும் தனக்கே உரிய இயல்பு அதிர்வெண்கள் உண்டு. அவற்றில் ஒன்று கம்பியின் அதிர்வெண்ணோடு பொருந்தினால், கம்பியின் ஆற்றல் நெக்குக்குள் பாய்ந்து கரைந்துவிடுகிறது. ஜி கம்பியின் அந்தப் பகுதி 131 முதல் 147 ஹெர்ட்ஸ் வரையிலானது. சாதாரண மர நெக்கின் அதிர்வொன்று அங்கே விழுவது அடிக்கடி நிகழ்கிறது. தலைப்பகுதியில் ஒரு சிறு எடையைக் கவ்வ வைத்தால் நெக்கின் அதிர்வெண் இறங்கும். செத்த இடமும் நகரும். ஐயத்துக்கு இடமின்றி இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

உயர்தரப் பட்டறைகள் நெக்கில் பல அடுக்கு மரங்களை ஒட்டுவதும், கார்பன் இழைத் தண்டுகளைப் பதிப்பதும், ஸ்டைன்பெர்கர் மரத்தையே கைவிட்டதும் இந்தச் சிக்கலோடு தொடர்புடையவை. விறைப்பைக் கூட்டி எடையைக் குறைத்தால் நெக்கின் அதிர்வெண்கள் மேலே நகரும். அதிக விலைக்கான இயற்பியல் நியாயம் மிக வலுவாக இருப்பது இங்கேதான். உடற்பகுதியின் மரமும் அதன் அழகிய மேற்பலகையும் ஒலியை எவ்வளவு மாற்றுகின்றன என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. நெக்கின் பங்கு தெளிவானது.

காந்தமும் சுருளும்

பேஸின் ஒலி காற்றின் வழியே ஒலிபெருக்கியை அடைவதில்லை. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிக்கோ காந்தத் தண்டுகளைச் சுற்றி, தலைமயிரைப் போன்ற மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான முறை சுற்றப்பட்டிருக்கிறது. மேலே உள்ள எஃகுக் கம்பி காந்தமேற்று அதிரும்போது, சுருளின் வழியே செல்லும் காந்தப்புலம் மாறி மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே.

பிக்கப் எங்கே இருக்கிறது என்பது, அது எதனால் ஆனது என்பதைப் போலவே முக்கியம். அதிரும் கம்பியின் ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் அசையாத கணுக்கள் சில உண்டு. பிரிட்ஜிலிருந்து கம்பி நீளத்தில் ஆறில் ஒரு பங்கு தூரத்தில் பிக்கப்பை வைத்தால், திறந்த கம்பியின் அடிப்படை அதிர்வெண்ணைப் போல ஆறு மடங்கான மேற்சுரத்துக்கு அங்கே கணு இருக்கும், அது பதிவாகாது. பிரிட்ஜுக்கு அருகே அடிப்படை அதிர்வின் வீச்சு குறைவு, மேற்சுரங்களின் பங்கு அதிகம். நெக்குக்கு அருகே இது தலைகீழ். 1970களின் ஜாஸ் பேஸில் பின் பிக்கப் ஏறத்தாழ 10 மி.மீ. பிரிட்ஜை நெருங்கியது. அந்த ஒரு செ.மீ. நகர்வைக் காதால் பிரித்தறிவோர் உண்டு; வாங்கும்போது எந்தக் காலத்து இடைவெளி என்று கேட்பதும் உண்டு.

ஒற்றைச் சுருள் ஓர் ஆன்டெனாவாகவும் வேலை செய்கிறது. சுவர் மின்கம்பிகளின் இரைச்சலை இழுத்துக்கொள்கிறது. இந்தியாவில் மின்வழங்கலின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். பேஸின் கீழ் இரு கம்பிகளுக்கு நடுவே அது விழுகிறது. இரு சுருள்களை எதிரெதிர் திசையில் சுற்றி, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். கம்பியின் ஒலி மட்டும் கூடும். 1957-இன் பிளந்த பிக்கப் இதை இரு கம்பிகளுக்கு ஒரு சுருள் என்ற முறையில் சாதித்தது. ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்புகளையும் சம அளவில் திறந்தால் இதே விளைவு கிடைக்கும்.

சுருளிலிருந்து வரும் குறிகை வலுவற்றது. நீண்ட கேபிளின் மின்தேக்குத் திறனே அதன் உயர் அதிர்வெண்களை விழுங்கிவிடும். பேஸுக்குள் 9 அல்லது 18 வோல்ட் பேட்டரியில் இயங்கும் முன்பெருக்கி இதைத் தடுக்கிறது. தாழ்சுரத்தையும் உயர்சுரத்தையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் இடம் தருகிறது. பேட்டரி இல்லாத எளிய சுற்றில் ஒரு நேரடித் தன்மை உண்டு என்பதால், அதையே விரும்புவோரும் குறைவில்லை.

செட்டப்: ஏன் இந்த வரிசை

விலையுயர்ந்த பேஸும் திருத்தாமல் வாசித்தால் சாதாரணமாகவே ஒலிக்கும். திருத்தும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. ஒவ்வொரு படியும் அடுத்ததைப் பாதிப்பதால் அதை மாற்றக் கூடாது.

முதலில், பயன்படுத்தப்போகும் தடிமனில் புதிய கம்பிகளைக் கட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். கம்பி மாறினால் இழுவிசை மாறும்.

இரண்டாவது, நெக்கின் வளைவு. அதிரும் கம்பி நடுவில் அகன்று ஆடுவதால், நெக் நேராக இராமல் மிகச் சிறிதளவு குழிந்திருக்க வேண்டும். ஈ கம்பியை முதல் ஃபிரெட்டிலும் நெக் உடலோடு சேரும் இடத்திலும் அழுத்திப் பிடித்தால் கம்பியே நேர்கோடாகிவிடும். அப்போது 8-ஆம் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே 0.3 மி.மீ. அளவில் இடைவெளி இருப்பது பொருத்தம். மெல்லிய தகடுகளால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் இதற்கு உதவும். டிரஸ் ராடை ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. மீண்டும் சுருதி சேர்த்து அளந்த பிறகே தொடர வேண்டும்.

மூன்றாவது, கம்பியின் உயரம். 17-ஆம் ஃபிரெட்டின் மேல் தடித்த கம்பிக்கு 2.4 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 2 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். மென்மையாக வாசிப்பவர் இன்னும் தாழ்த்தலாம். ஓங்கி அடிப்பவர் உயர்த்த வேண்டும்.

நான்காவது, பிக்கப்பின் உயரம். அருகில் இருந்தால் ஒலி கூடும். மிக அருகில் வந்தால் காந்தமே கம்பியைப் பிடித்திழுத்து அதிர்வைக் குலைக்கும், சுருதி அலையும்.

இறுதியாக, சேடிலின் முன்பின் நிலை. 12-ஆம் ஃபிரெட்டின் மேல் கம்பியைத் தொட்டெழுப்பும் இயற்கைச் சுரமும், அதே ஃபிரெட்டில் அழுத்திய சுரமும் ஒன்றாக வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னே தள்ள வேண்டும், இறங்கியிருந்தால் முன்னே.

இந்த வேலை ஒருமுறை செய்து முடிவதில்லை. மரம் ஈரத்தை ஏற்றுக் குறுக்குவாட்டில் விரிகிறது, காய்ந்து சுருங்குகிறது. வறண்ட காலத்தில் ஃபிரெட் முனைகள் விளிம்புக்கு வெளியே துருத்தும்; பருவம் மாறும்போது நெக்கின் வளைவு மாறும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருப்பது மரத்துக்கு உகந்தது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் அதைத் தாண்டிவிடுவதால், பருவத்துக்கு ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

வாங்குவதும் மாற்றிக்கொள்வதும்

பிறர் பயன்படுத்திய பேஸை வாங்குவோர் கேட்கும் கேள்விகள் மேலே கண்டவற்றையே சுற்றி வருகின்றன. எடை எவ்வளவு? பொதுவாக 3.6 முதல் 4.5 கிலோ வரை. தோளில் இரண்டு மணி நேரம் தொங்கும்போது அரைக் கிலோ பெரிய வேறுபாடு. நட்டின் அகலம் எவ்வளவு? ஜாஸ் பேஸில் 38 மி.மீ.; பிரிசிஷனில் அதைவிட அகலம். பிரிட்ஜில் கம்பிகளுக்கிடையே 19 மி.மீ. இருக்கிறதா, குறைவா? டிரஸ் ராடில் இன்னும் திருப்ப இடம் மிச்சமிருக்கிறதா? நெக் முறுக்கியிருக்கிறதா? ஃபிரெட்டுகள் எவ்வளவு தேய்ந்துள்ளன? கம்பி உயரமும் நெக்கின் வளைவும் சரிசெய்யக் கூடியவை. முறுக்கிய நெக்கும், இறுதிவரை திருகிவிட்ட டிரஸ் ராடும் அப்படியல்ல.

பழமைக்காக விலை தருவோர் இன்னும் ஆழமாகப் பார்க்கின்றனர். 1960களின் ஃபெண்டர் பேஸில் ஒலியளவுக் குமிழின் அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரில் ஓர் எண் அச்சாகியிருக்கும். 304 என்று தொடங்கினால் அது ஸ்டாக்போல் நிறுவனம் செய்தது; 137 என்றால் சி.டி.எஸ். அடுத்து வரும் இலக்கங்கள் ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். 3046625 என்பது 1966-ஆம் ஆண்டின் 25-ஆம் வாரம். பேஸ் அந்தத் தேதிக்கு முன் முடிந்திருக்க முடியாது, பொட்டென்ஷியோமீட்டர் மாற்றப்பட்டிருந்தாலொழிய. நெக்கின் அடிப்பகுதியில் உள்ள தேதி முத்திரை, தொடர் எண், சாலிடரின் பழமை ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கப்படும். புறஊதா விளக்கில் பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சும் பிற்காலப் பூச்சும் வெவ்வேறாக ஒளிர்வதால், மறுபூச்சு வெளிப்பட்டுவிடும். மறுபூச்சு ஒலியைக் கெடுக்காவிட்டாலும் விலையைப் பெருமளவு குறைக்கும்.

ஒரு வாசிப்பாளரின் கைக்கும் விருப்பத்துக்கும் ஏற்பப் பட்டறையில் சொல்லிச் செய்த பேஸுக்கு வேறு நிலை. அதன் கம்பி இடைவெளி, நெக்கின் பருமன், மின்சுற்று எல்லாம் ஒருவருக்குப் பொருந்துபவை. அடுத்தவருக்கும் பொருந்தும் என்ற உறுதி இல்லை. ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் வழக்கம் இத்துறையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லை தாண்டும் மரம்

பழைய பேஸ்கள் பலவற்றின் விரற்பலகை பிரேசில் ரோஸ்வுட்டால் ஆனது. இம்மரம் அருகிவிட்டதால், 1992-இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உரிய அனுமதி இல்லாமல் அதை நாடு விட்டு நாடு விற்க முடியாது. 1960களின் பிற்பகுதி முதல் அதன் இடத்தைப் பெரிதும் நிரப்பியது இந்திய ரோஸ்வுட். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஈட்டி மரம்தான் அது. தோதகத்தி என்பதும் அதுவே. அம்மரம் உட்பட, பிரேசில் ரோஸ்வுட் நீங்கலாக, ரோஸ்வுட் பேரினம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் இரண்டாம் பட்டியலில் வந்தது. அப்போது ஒற்றை பேஸை அஞ்சலில் விற்பதற்கும் ஆவணம் தேவைப்பட்டது. 2019 நவம்பர் 26 முதல் இரண்டாம் பட்டியலில் உள்ள இப்பேரின மரங்களால் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. வெளிநாட்டிலிருந்து பழைய பேஸ் வாங்குவோர் மரத்தின் பெயரை எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம்.

விறைப்பான நெக், சரியான இடத்தில் பதித்த ஃபிரெட், இரைச்சலற்ற பிக்கப், திருத்த இடம் தரும் டிரஸ் ராட்: பணம் கொடுக்கத் தகுந்த பண்புகள் இவை. பெயரும் பழமையும் அழகிய மரமும் சேகரிப்பாளருக்கு உரிய மதிப்புகள். ஒலிக்கு அவை உத்தரவாதம் அல்ல. பேஸ் வாங்கப் போகிறவர் ஒரு ஃபீலர் கேஜையும் ஒரு டியூனரையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எல்லாக் கம்பிகளிலும் எல்லா ஃபிரெட்டுகளையும் வாசித்துக் கேட்ட பிறகே விலை பேச வேண்டும்.